பொதுக் களஞ்சியமும் தனி வாயில்களும்

வீட்டுக்கு ஒரு கொம்பறை இருந்த காலத்தில், அதனுள் இருக்கும் நெல் எவருடையது என்ற வினா எழுவதில்லை. வீடு எவருடையதோ, நெல்லும் அவருடையதே. பல குடும்பங்களின் நெல்லை ஒருங்கே வைத்துக் காக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று எழும்போதுதான், எந்த அறை எந்தக் குடும்பத்துக்கு, எந்தத் திறவுகோல் எவர் கையில் என்று எழுதிவைக்கும் ஏடு ஒன்று தேவையாகின்றது. களஞ்சியத்தின் சுவர் எவ்வளவு உறுதியாயினும், அந்த ஏட்டிலே ஒரு வரி பிழைத்தால் ஒருவருடைய நெல் மற்றொருவருடைய சாக்கிற் போய்விடும்.

கணினிகளின் தரவைச் சேமித்து வைக்கும் துறையிலும் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமக் என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. அதனுடன் வந்த தட்டுத் தொகுதியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்றைய அளவுக்கு அது மிகச் சிறிது. ஆயினும் அன்று தொடங்கி நெடுங்காலம் ஒரு வழக்கம் நிலைத்தது. தட்டு எந்தக் கணினியோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணினிக்கே அது உரியது என்பதே அவ்வழக்கம். உரிமையைத் தனியாக எழுதிவைக்க வேண்டியதில்லை. வடமே உரிமைப் பத்திரமாக விளங்கியது.

1986 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேசிய நியமமாக ஏற்கப்பட்ட ஸ்கஸி என்னும் இணைப்பு முறையும் இவ்வழக்கத்தை ஒட்டியதே. அதன் முதல் வடிவில் ஒரு வடத்தில் 8 முகவரிகள் இருந்தன. கணினியின் இணைப்பு அட்டைக்கு ஒன்று போக, எஞ்சியவை 7. வடத்தின் நீளமோ சாதாரண வகையில் 6 மீற்றர். சிறப்பு மின்முறையைக் கையாளும் வகையில் 25 மீற்றர். ஆகவே தட்டுகள் கணினியின் அருகிலேயே இருந்தாக வேண்டும். ஒரு நிறுவனத்திற் பல சேவையகக் கணினிகள் இருப்பின், ஒன்றின் தட்டு நிரம்பி வழியும். அடுத்ததன் தட்டு பாதி வெறுமையாய்க் கிடக்கும். வெறுமையாய் உள்ள இடத்தை நிரம்பியதற்குக் கொடுக்க வழியில்லை. ஒரு கணினி பழுதடைந்தால், அதனோடு இணைந்த தட்டுகளிலுள்ள தரவும் அடைபட்டுப் போகும்.

இக்குறையைத் தீர்க்கும் பொருட்டே, தட்டுகளைக் கணினிகளிலிருந்து பிரித்து ஓரிடத்திற் சேர்த்து, அவற்றுக்கென்றே தனி வலையமைப்பு ஒன்றை அமைக்கும் முறை தோன்றியது. 1994 ஆம் ஆண்டில் நியமமாக ஏற்கப்பட்ட ஃபைபர் சனல் என்னும் முறை இதற்கு வழிவகுத்தது. ஒளியிழைகளின் வழியாக, தக்க உறுப்புகளைக் கொண்டு, 10 கிலோமீற்றர் தொலைவு வரையும் தரவை அனுப்ப இயன்றது. இடையே சுவிட்ச் எனப்படும் ஆளிகளை அமைத்து, பல கணினிகளையும் பல தட்டுத் தொகுதிகளையும் ஒரே வலையிற் பிணைக்கவும் முடிந்தது. இதனையே சேமிப்பக வலையமைப்பு என்பர்.

இவ்வலையமைப்பின் ஒரு முனையிலே களஞ்சியம் நிற்கின்றது. அதனுள் இருக்கும் வன்தட்டுகளை வெளியிலுள்ள கணினிகள் நேராகக் காண்பதில்லை. இடையே கட்டுப்படுத்தி என்னும் இலத்திரனியற் கருவி இருந்து, பல வன்தட்டுகளை ஒன்றாகத் தொகுத்து, தொகுத்ததை வேண்டிய அளவிற் கூறுபடுத்தித் தருகின்றது. இத்தகைய தொகுப்பு முறைகளை வகைப்படுத்தி, 1988 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவரும் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ரெயிட் என்னும் பெயர் அதிலிருந்தே பரவியது. ரெயிட் 5 என்னும் வகையை எடுத்துக்கொண்டால், தலைக்கு 1 ரெறாபைட் கொள்ளும் 8 வன்தட்டுகளில், 7 ரெறாபைட் பயனுக்குக் கிடைக்கும். எஞ்சிய ஒரு தட்டளவு இடம், ஏதேனும் ஒரு தட்டுப் பழுதடைந்தால் அதிலிருந்த தரவை மீளக் கணித்தெடுப்பதற்கு உதவும்.

அந்த 7 ரெறாபைட்டைக் கூறுபடுத்தி, 2 ஒரு பங்கு, 4 ஒரு பங்கு, 1 ஒரு பங்கு என்று வகுத்தால், ஒவ்வொரு பங்கும் ஒரு தருக்கத் தட்டு எனப்படும். ஆங்கில வழக்கில் லொஜிக்கல் டிரைவ் என்று அழைக்கப்படுவது இதுவே. இப்படி ஒரு தட்டு உலோகத்தில் எங்கும் இல்லை; கட்டுப்படுத்தியின் கணக்கில் மட்டுமே இருக்கின்றது. எனினும் வெளியிலுள்ள கணினிக்கு அது தன்னுடனேயே இணைக்கப்பட்ட உண்மைத் தட்டுப் போலவே தோன்றும்.

இங்கேதான் வடம் இதுவரை விடையளித்து வந்த வினா புதிதாக எழுகின்றது. எல்லாக் கணினிகளும் ஒரே வலையில் உள்ளன. எல்லாத் தருக்கத் தட்டுகளும் ஒரே களஞ்சியத்தில் உள்ளன. அவ்வாறாயின் எந்தக் கணினி எந்தத் தட்டைக் காணலாம்? ஒருவரும் விடை கூறாவிடில், எல்லாக் கணினிகளும் எல்லாத் தட்டுகளையும் காணும்.

கண்டால் என்ன கேடு என்று நேயர்கள் கேட்கலாம். ஓர் அலுவலகத்திற் பலரும் ஒரே கோப்பைத் திறந்து படிப்பதில்லையா என்ற ஐயமும் எழலாம். அங்கே கோப்புகளைக் கொடுத்து வாங்கும் ஒரு சேவையகம் நடுவில் அமர்ந்து, எவர் எதை எழுதுகின்றார் என்பதைக் கவனித்து ஒழுங்குபடுத்துகின்றது. சேமிப்பக வலையமைப்பிலோ அத்தகைய நடுவர் இல்லை. கட்டுப்படுத்திக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இத்தனையாவது கட்டத்தில் இதனை எழுது என்று கட்டளை வந்தால் எழுதும். படி என்று வந்தால் படித்துக் கொடுக்கும். எந்தக் கட்டம் வெறுமை, எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பு என்ற அறிவெல்லாம் கணினியின் பணிசெயல் முறைமையிடமே உள்ளது. அந்தப் பணிசெயல் முறைமையோ, தட்டுக்குத் தான் ஒருவனே உரியவன் என்னும் நம்பிக்கையில் இயங்குகின்றது.

இதன் விளைவை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் அலுவலகத்தில் ஒரே கணக்கேட்டை, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இலிகிதர்கள் பயன்படுத்துகின்றனர் என்று கொள்க. ஏட்டின் முதற் பக்கத்தில், எந்தப் பக்கங்கள் வெறுமையானவை என்ற அட்டவணை உள்ளது. காலையில் இருவரும் அதனைப் படித்துத் தத்தம் மேசையிற் பிரதி எடுத்து வைத்துக்கொள்கின்றனர். 40 ஆம் பக்கம் வெறுமை என்று கண்ட முதலாமவர் அதில் எழுதுகின்றார். இரண்டாமவருடைய பிரதியில் 40 ஆம் பக்கம் இன்னும் வெறுமையே. அவரும் அதிலேயே எழுதுகின்றார். மாலையில் இருவரும் தத்தம் பிரதியைக் கொண்டு முதற் பக்கத்து அட்டவணையைத் திருத்துகின்றனர். பின்னே திருத்தியவருடைய கணக்கு நிற்கும். முன்னே திருத்தியவருடைய கணக்கு அழியும். சில நாளில் அந்த ஏடு இருவருக்குமே பயன்படாது போகும்.

தட்டிலும் நிகழ்வது இதுவே. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், எந்தக் கருவியும் பழுதடையவில்லை என்பதாகும். ரெயிட் முறை இங்கே காவல் செய்யாது. ஏனெனில் அது தட்டின் பழுதுக்கு எதிரான காவலேயன்றிப் பிழையான எழுத்துக்கு எதிரான காவலன்று. பிழையாக எழுதப்பட்டதை அது பிழையாகவே, ஆனால் மிக்க பத்திரமாகக் காத்துவைக்கும். எச்சரிக்கை மணியும் ஒலிப்பதில்லை. சில நாட்களின் பின் ஒரு கோப்புத் திறக்க மறுக்கும்போதே கேடு வெளிப்படும்.

கணினியை இயக்குபவர் தீங்கு நினையாதிருப்பினும் இது நேரலாம். விண்டோஸ் பணிசெயல் முறைமை, சில நிலைமைகளில், தான் காணும் தட்டுகளில் தன் அடையாளக் குறியை எழுத முற்படும். அத்தட்டு யுனிக்ஸ் அல்லது லினக்ஸ் கணினி ஒன்றுக்கு உரியதாயின், அதிலுள்ள தரவு அந்த ஒரு குறியினாலேயே சிதைவுறக்கூடும். தன் கண்ணில் பட்டதெல்லாம் தன்னுடையதே என்று கொள்வது கணினியின் இயல்பு. ஆகவே, பிறருடையது அதன் கண்ணிற் படாதிருக்கச் செய்வதே பாதுகாப்பு. இப்பாதுகாப்பைத் தருவதுதான் தருக்கத் தட்டுகளைக் கணினிகளின் வாயில்களுக்குப் பொருத்தும் முறை. மப்பிங் என்று தொழில் வழக்கிற் சொல்வதும் இதனையே.

பொருத்துவதற்கு முதலில் ஒவ்வொரு கணினியையும் ஐயமற அடையாளம் காணவேண்டும். ஃபைபர் சனல் இணைப்பு அட்டையிலுள்ள ஒவ்வொரு போர்ட்டுக்கும், அஃதாவது வாயிலுக்கும், 64 பிட் நீளமான பெயர் ஒன்று உண்டு. அதனை உலகளாவிய பெயர் என்பர். 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளுமாக 16 குறிகளால் அது எழுதப்படும். உற்பத்தியாளரைக் குறிக்கும் எண்ணும் அதனுள் அடங்கும். அட்டைக்கு ஒரு பெயரும், அதன் ஒவ்வொரு வாயிலுக்கும் வெவ்வேறு பெயரும் இருப்பதுண்டு. பொருத்துகைக்கு வேண்டியது வாயிலின் பெயரே. கணினி வலையில் இணையும்போது, இந்தப் பெயரைச் சொல்லியே ஆளியிடமும் களஞ்சியத்திடமும் உள்நுழைகின்றது.

ஐ.பி.எம். நிறுவனம் விற்பனை செய்துவந்த டி.எஸ். 4000 வரிசைக் களஞ்சியங்கள் இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அவற்றின் மேலாண்மை மென்பொருளிற் பின்வரும் ஒழுங்கு கைக்கொள்ளப்பட்டது. முதலில் ஒவ்வொரு சேவையகத்தையும் ஒரு ஹோஸ்ட் என்று பெயரிட்டுப் பதிவுசெய்தல். இரண்டாவதாக, அந்தச் சேவையகத்தின் வாயில்களை அவற்றின் உலகளாவிய பெயர்களைக் கொண்டு அதன் கீழ்ச் சேர்த்தல். மூன்றாவதாக, சேவையகம் எந்தப் பணிசெயல் முறைமையில் இயங்குகின்றது என்று குறித்தல். நான்காவதாக, அதற்குரிய தருக்கத் தட்டைத் தேர்ந்து, லன் எனப்படும் ஓர் எண்ணைக் கொடுத்துப் பொருத்துதல். மூன்றாவது படி தேவையற்றது போலத் தோன்றும். ஆயினும் ஒரு பாதை அறுந்தபோது மறுபாதைக்கு மாறும் விதம் பணிசெயல் முறைமைக்கு ஏற்ப வேறுபடுமாதலால், கட்டுப்படுத்தி அதனை அறிந்திருத்தல் அவசியம்.

லன் எண் என்பது தட்டின் சொந்தப் பெயர் அன்று. அந்தக் குறித்த கணினி அத்தட்டை எந்த எண்ணாற் காண்கின்றது என்பதே அது. ஒவ்வொரு தெருவிலும் 1 ஆம் இலக்க வீடு ஒன்று இருப்பதுபோல, ஒவ்வொரு கணினிக்கும் 0 என்னும் எண்ணுடைய தட்டு ஒன்று இருக்கலாம். அவை வெவ்வேறு தட்டுகள். ஒரே கணினிக்கு மட்டும் ஒரே எண்ணை இரண்டு தட்டுகளுக்குக் கொடுத்தல் ஆகாது.

மேலே வகுத்த மூன்று தட்டுகளும் ஒரு மருத்துவமனைக்கு உரியவை என்று கொள்வோமானால், ஏடு இவ்வாறு அமையும். 2 ரெறாபைட் தட்டு நோயாளர் பதிவேட்டுக் கணினிக்கு, எண் 0. 4 ரெறாபைட் தட்டு எக்ஸ் கதிர்ப் படங்களைக் காக்கும் கணினிக்கு, எண் 0. 1 ரெறாபைட் தட்டுச் சம்பளக் கணக்குக் கணினிக்கு, எண் 0. மூன்று கணினிகளும் 0 என்றே அழைக்கின்றன. மூன்றும் தத்தம் தட்டையே அடைகின்றன. தட்டுகளைக் கேட்டு வரும் கட்டளையைக் கட்டுப்படுத்தி பெற்றதும், கேட்பவருடைய வாயிற் பெயரை ஏட்டிற் பார்த்து, அவருக்குரியதை மட்டும் காட்டுகின்றது. மற்றவை இருப்பதாகவே அது சொல்வதில்லை.

முக்கியமான சேவையகங்களுக்கு வாயில் ஒன்று போதாது. ஒரு வடம் அறுந்தாலும் ஓர் ஆளி நின்றாலும் பணி தொடர வேண்டுமென்பதற்காக இரண்டு வாயில்கள் அமைப்பது வழக்கம். களஞ்சியத்திலும் இரண்டு கட்டுப்படுத்திகள் இருக்கும். ஒவ்வொரு வாயிலிலிருந்தும் இரண்டு கட்டுப்படுத்திகளையும் அடைய முடியுமாயின், ஒரே தட்டுக்கு நான்கு பாதைகள் உண்டாகும். அப்பொழுது கணினியின் கண்ணுக்கு நான்கு தட்டுகள் தோன்றும். தட்டின் அடையாள எண்ணை ஒப்புநோக்கி, நான்கும் ஒன்றே என்று உணர்த்துவதற்குப் பல்பாதை மென்பொருள் வேண்டும். இங்கே நேரும் பொதுவான பிழை, இரண்டு வாயில்களில் ஒன்றை மட்டும் பதிவுசெய்துவிட்டு மற்றதை மறத்தல். நாளாந்தப் பணியில் அந்தக் குறை தெரியாது. பதிவான வாயில் பழுதடையும் நாளிலேயே, காவலாக நிறுத்தியது காவல் அன்று என்பது தெரியவரும்.

ஒரே தட்டைப் பல கணினிகள் காணவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. ஒன்று வீழ்ந்தால் மற்றது அதன் பணியை ஏற்கும் வண்ணம் கூட்டாக இயங்கும் கணினிகளை ஒரு குழுவாகப் பதிந்து, தட்டைக் குழுவுக்குப் பொருத்துவர். அப்படிச் செய்வதற்கு, கணினிகள் தம்முள் உடன்பட்டு முறைவைத்து எழுதும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். வி.எம்.எஃப்.எஸ்., ஜி.எஃப்.எஸ். 2 போன்ற கோப்பு முறைமைகள் இதற்கெனவே ஆக்கப்பட்டவை. அத்தகைய ஏற்பாடில்லாமற் குழுவுக்குப் பொருத்துவது, மேலே சொன்ன இரண்டு இலிகிதர்களுக்கு ஒரே ஏட்டைக் கொடுப்பதேயாகும்.

பொருத்துகை களஞ்சியத்தின் வாசலிலே நிற்கும் காவல். வழியிலும் ஒரு காவல் உண்டு. ஆளியிலே எந்த வாயில் எந்த வாயிலோடு பேசலாம் என்று வரையறுப்பதை வலயப்படுத்தல் என்பர். ஒரு வலயத்தில் ஒரு கணினி வாயிலும் அதற்கு வேண்டிய களஞ்சிய வாயில்களும் மட்டும் இருப்பது நல்ல வழக்கமாகக் கொள்ளப்படுகின்றது. வலயம் வழியை அடைக்கின்றது. பொருத்துகை அறையைப் பூட்டுகின்றது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டியதில்லை என்று கொள்ளுதல் தவறு. ஒரே களஞ்சிய வாயிலின் வழியாகப் பல தட்டுகள் எட்டப்படுமாதலால், வலயம் மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டாது.

ஏட்டை முதன்முறை எழுதும்போது யாவரும் கவனமாகவே எழுதுவர். பின்னர் நேரும் மாற்றங்களிலேயே ஆபத்து மிகுதி. சம்பளக் கணினியின் இணைப்பு அட்டை பழுதடைந்து புதியது பூட்டப்படுகின்றது என்று வைத்துக்கொள்க. புதிய அட்டைக்குப் புதிய பெயர். ஏட்டிலோ பழைய பெயரே உள்ளது. கணினி தன் தட்டைக் காணவில்லை என்று முறையிடும். தரவு அழியவில்லை; காவலாளி ஆளை அறியவில்லை, அவ்வளவே. புதிய பெயரை அதே கணினியின் கீழ்ப் பதிந்தால் எல்லாம் சீராகும். ஆனால் சம்பள நாள் நெருங்கிய அவசரத்தில், டி.எஸ். 4000 போன்ற களஞ்சியங்களில் இருந்த பொதுக் குழுவுக்கு அத்தட்டைப் பொருத்திவிட ஒருவர் துணியலாம். தனியாக எதுவும் பொருத்தப்படாத கணினிகள் யாவும் அப்பொதுக் குழுவிலே அடங்கும். தட்டு உடனே தோன்றும்; பணியும் நடக்கும். அன்று முதல் அந்தத் தட்டு அக்குழுவிலுள்ள ஏனைய கணினிகளின் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும்.

இதற்கு மறுதலையான ஆபத்தும் உண்டு. கைவிடப்பட்ட பழைய கணினி ஒன்றிலிருந்து அட்டையைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டினால், அட்டையுடன் அதன் பெயரும் கூடவே போகும்; பெயருடன் உரிமையும் போகும். பழைய வரியை ஏட்டிலிருந்து நீக்காதிருந்தால், புதிய கணினி வலையிற் சேர்ந்த கணமே பழைய கணினியின் தட்டுகளைத் தன்னுடையவையாகக் காணும். ஆகவே ஓய்வுபெறும் கணினியின் பொருத்துகையை அன்றே நீக்குதல் வேண்டும். நீக்குவதற்கு முன், அத்தட்டைக் கணினி பயன்படுத்துவதை நிறுத்தியாகிவிட்டது என்று உறுதிசெய்தலும் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் கையிலிருந்து ஏட்டைப் பறித்தால் பாதி வரியே மிஞ்சும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஏட்டைப் பிரதி எடுத்து வைத்து, 16 குறிகளையும் ஒருவர் வாசிக்க மற்றொருவர் ஒப்புநோக்குதல், செலவில்லாத பாதுகாப்பாகும்.

கருவிகளும் பெயர்களும் மாறிக்கொண்டே வந்துள்ளன. 2004 ஆம் ஆண்டில் நியமமாக வெளிவந்த ஐ-ஸ்கஸி என்னும் முறை, ஒளியிழை வலையின் பணியைச் சாதாரண ஈதர்நெற் வலையிலேயே செய்ய வழிகாட்டியது. அங்கே வாயிற் பெயருக்குப் பதிலாக எழுத்துகளால் அமைந்த நீண்ட பெயர் ஒன்று கணினியைக் குறிக்கின்றது. 2016 ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு முறை, என்.வி.எம்.ஈ. என்னும் மின்னினைவுத் தட்டுகளை வலையின் வழியே பகிர்ந்தளிக்கின்றது. டி.எஸ். 4000 களஞ்சியங்களின் கட்டுப்படுத்திகளை ஆக்கிய எஞ்ஜெனியோ பிரிவும் 2011 ஆம் ஆண்டில் நெற்அப் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனால் எந்தத் தட்டு, எந்தக் கணினிக்கு, எந்த எண்ணில் என்னும் மூன்று வினாக்களும் மாறவில்லை. அவற்றுக்கு விடை எழுதும் ஏடு ஏதோ ஒரு வடிவில் எல்லாவற்றிலும் இருக்கின்றது.

களஞ்சியத்தைப் பொதுவாக்கியதால் இடம் வீணாகாதிருக்கின்றது. ஒரு கணினி வீழ்ந்தாலும் தரவு பிழைத்திருக்கின்றது. இந்நன்மைகள் பெரியன. ஆனால் பொதுவானது களஞ்சியமேயன்றி அதனுள் இருக்கும் பொருளன்று. நோயாளர் ஒருவரின் மருந்துக் குறிப்பும், தொழிலாளர் ஒருவரின் மாதச் சம்பளமும், சில வரிகளே கொண்ட அந்த ஏட்டின் செம்மையிலே தங்கியிருக்கின்றன. முன்பு வடம் தானாகவே காத்த உரிமையை, இப்பொழுது மனிதர் எழுதிக் காக்க வேண்டியிருக்கின்றது.